ஊர்க் கணக்கைக் கேளுங்கள்



கீழப்பழுவூர் பக்கம் தெருமுனை விளக்கு எரியவில்லை என்று வையுங்கள். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓயாமல் ஓடும் அரியலூர் மாவட்டத்தில், இருட்டான தெருமுனை உயிரோடு விளையாடும் விஷயம். டீக்கடையில் அலுத்துக்கொள்கிறோம். அதோடு விட்டுவிடுகிறோம். அதைச் சொல்ல வேண்டிய இடம் கிராம சபை.

கிராம சபையில் யார் உறுப்பினர்? வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். நீங்களும்தான். தமிழ்நாட்டில் குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது.

அங்கே ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். குடிநீருக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, சாக்கடைக்கு எவ்வளவு என்று கேட்கலாம். வீட்டில் மளிகைக்கடை நோட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லையா? ஊர்க் கணக்கும் அப்படித்தான். அது நம் வீட்டு வரியும் சேர்ந்த பணம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானமாக எழுதினால்தான் நிற்கும். "விளக்கு வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று சொல்லுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

முக்கியமாகப் பெண்கள் வர வேண்டும். தண்ணீர் வராத குழாயும் இருட்டான தெருவும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த கிராம சபைக்கு அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.