ஆத்தங்குடிக் கல்லும் கரிக் கணக்கும்



ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவரைப் பார்க்காத காரைக்குடிக்காரர் குறைவு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைக்கிறார். சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார். அதன் மேல் சிமென்டும் மணலும் இட்டு அமுக்கி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார். அவரிடம் சூளை கிடையாது. ஆனால் அவர் கையிலுள்ள சிமென்ட், 1,400 டிகிரிக்கு மேல் தகித்த உலையிலிருந்து வந்தது. அந்த உலையின் புகைக்குத்தான் இப்போது விலை வைக்கிறார்கள்.

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காஸ்டிக் சோடா, காகிதம் ஆகிய நான்கு துறைகளில் 282 ஆலைகளுக்கு இலக்கு வந்துவிட்டது. ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு உமிழ்வுதான் என்று கணக்கு. இலக்கைவிடக் குறைத்தவருக்குச் சான்று கிடைக்கும். ஒரு சான்றுக்கு ஒரு டன். தவறியவர் சந்தையில் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால், சராசரி விலையைப் போல் இரு மடங்கு இழப்பீடு.

ஆலை முதலாளிக்கு மூன்று வழிகள்: சொந்த உலையைச் சீர்செய்யலாம், சான்று வாங்கலாம், தூய தொழில்நுட்பம் வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்தையே வாங்கலாம். மூன்றாவதற்குப் பசுமைக் கையகப்படுத்தல் என்று பெயர்.

விதி எப்படி எழுதப்படுகிறதோ அப்படித்தான் வாங்குவதும் நடக்கும். 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, ஒரு மின்நிலையம் 'சொந்த உபயோக' நிலையமாகக் கருதப்பட, மின்சாரத்தைப் பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். தமிழக ஆலைகள் பல காற்றாலை, சூரிய மின் நிறுவனங்களில் பங்கு வைத்திருப்பதற்கு இந்த 26 ஒரு முக்கியக் காரணம்.

பங்கு வாங்கினால் புகை குறையுமா? துறையைப் பொறுத்தது. சிமென்ட் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதே இல்லை. சுண்ணாம்புக்கல் சூடேறிப் பிரியும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. எத்தனை சூரியப் பூங்காக்களை வாங்கினாலும் இந்தக் கணக்கு அசையாது. உலையில் வெந்து வரும் கட்டியான கிளிங்கரைக் குறைத்துச் சாம்பலும் கசடும் கலப்பவரின் கைப்பக்குவம்தான் அங்கே உதவும்.

காஸ்டிக் சோடா வேறு கதை. உப்புநீருக்குள் மின்சாரம் பாய்ச்சுவதுதான் அந்தத் தொழிலே. அங்கே பசுமை மின்சாரமும் நல்ல மின்வாயும் நேரடியாகப் பேசும். பழைய கிராஃபைட் மின்வாய்களுக்குப் பதிலாக டைட்டானியம் மின்வாயை உள்நாட்டிலேயே உருவாக்கி மின்செலவைக் குறைத்தது நம்மூர் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய அதே நிறுவனம். இங்கே அறிவு வாங்கப்படவில்லை, வளர்க்கப்பட்டது.

அறிவை வாங்கியவர்களும் உண்டு. சோடியம்-அயனி மின்கலம் செய்யும் பிரிட்டனின் ஃபாராடியானை ரிலையன்ஸ் 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது, எரிசக்தி சேமிப்புச் சட்டம் திருத்தப்படுவதற்கு முன்பே. இந்தியக் கார்பன் சந்தை அப்போது சட்டத்தில்கூட இல்லை. ஆகவே எல்லாக் கொள்முதலையும் இந்தக் கொள்கையின் வரவில் எழுதக் கூடாது. சந்தை இருந்தும் பயனில்லாமல் போனதுண்டு: ஐரோப்பாவில் அனுமதிகளை அளவுக்கு மீறிக் கொடுத்ததால் 2007-ல் விலை ஏறத்தாழப் பூஜ்யமானது. சும்மா கிடைப்பதைச் சேமிக்க யார் நிறுவனம் வாங்குவார்?

ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் நம் காரைக்குடி. பர்மாத் தேக்கை வாங்கிவந்த அதே வீடுகளில், சுவர்ப் பூச்சை இங்கேயே அரைத்தார்கள். எதை வாங்குவது, எதைச் செய்வது என்ற அந்தத் தீர்மானம் இனி பட்டம் பெறும் உங்கள் மேசைக்கு வரும். முதல் இலக்கு 2025-26-க்கு, அடுத்தது 2026-27-க்கு. வணிகவியல் மாணவி தணிக்கைக்குப் போகும் ஆலையில், வாங்கிய நிறுவனத்தின் பங்கு மதிப்பு ஒரு பத்தியில் இருக்கும். உலை வாயில் அளந்த டன் இன்னொரு பத்தியில் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்க வேண்டியவர் அவர். அளக்கும் கருவியைச் சரிபார்க்க வேதியியல் மாணவரும் கூட வருவார்.