கழுவி எடுக்கும் ஓவியம்

தீட்டி முடித்த படத்தை ஒருவர் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவினால் பார்ப்பவர் பதறத்தான் செய்வார். குவாஷ் வண்ணமும் கறுப்பு மையும் சேரும் ஒரு முறையில் அந்தக் கழுவலில்தான் படமே பிறக்கிறது.

குவாஷ், நம் பள்ளிக்கூடப் போஸ்டர் கலருக்கு நெருங்கிய உறவு. அதில் சேர்ப்பது வேலம்பிசின்; காய்ந்த பிறகும் நீர் பட்டால் கரையும். நீர்ப்புகா இண்டியன் இங்க் வகைகள் பலவற்றில் இருப்பது அரக்கு, காய்ந்தால் கரையாது. தடித்த தாளில், வெள்ளையாக வேண்டிய இடங்களில் வெள்ளைக் குவாஷைக் கனமாகப் பூசுகிறார்கள். அது காய்ந்ததும் தாள் முழுவதையும் மையால் மூடுகிறார்கள். தூரிகை போன தடத்தில் மறுபடி போகக் கூடாது. போனால் அடியிலுள்ள வெள்ளை கலங்கி மை சாம்பல் நிறமாகிவிடும். மையும் காய்ந்தபின் தண்ணீர். குவாஷ் இளகி, தன்மேல் படிந்த மையையும் பெயர்த்துக்கொண்டு போகும். வெறுந்தாளில் பிடித்த மை மட்டும் நிற்கும்.

ஆகவே, கறுப்புக் கோடு வேண்டிய இடத்தைத் தீட்டாமல் விட வேண்டும். மரக்கட்டையில் செதுக்கி அச்செடுப்பவரின் கணக்கு இது. படமும் அந்த அச்சைப் போலவே சற்றே சிதைந்த ஓரங்களோடு, அங்கங்கே கரும்புள்ளிகளோடு வரும்.

சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக் கலைஞர்கள் பிழைப்புக்காகச் செய்த பாத்திக் துணிகளில் மெழுகு சாயத்தை அண்டவிடாது. குவாஷ் அப்படித் தடுப்பதில்லை. மையை ஏற்றுக்கொண்டு, அதையும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறது.

மெழுகையே தாளில் கையாண்டவர் இங்கிலாந்துச் சிற்பி ஹென்றி மூர். 1940, 41இல் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தவர்களை அவர் வரைந்தார். மெழுகுக் கோட்டின்மேல் இருண்ட நீர்வண்ணம் ஓடி விலக, உடல்கள் இருட்டிலிருந்து வெளிறி எழும். அங்கே மெழுகு விட்டுவைக்கும் வெளிறிய திட்டுகளுக்கு வேலை இருக்கிறது. குவாஷ் முறையில் வரும் ஆந்தைகள், பூஞ்சாடிகள் பலவற்றில் திட்டுகளுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதாக எனக்குத் தெரிவதில்லை. புள்ளிகள் அழகாக விழுந்துவிட்டன என்பதற்காகவே படத்தை முடித்துவிடுகிறார்கள். தற்செயலை வரவேற்கலாம், ஓவியரின் வேலையை அதனிடம் ஒப்படைப்பது வேறு.

செய்து பார்க்க நினைப்பவர்கள் எந்தக் குவாஷ் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் குவாஷ் என்று ஒன்று இருக்கிறது. காய்ந்தால் கரையாது. எவ்வளவு கழுவினாலும் மிஞ்சுவது கறுப்புத் தாள்தான்.