மகாராணிக்குக் கிடைக்காதது
(ஐயங்கார்குளம் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம ஊர் நடவாவிக் கிணறு கட்டிய காலத்தில், எவ்வளவு பெரிய செல்வந்தர் வீட்டிலும் குழாய் கிடையாது, மின்விசிறி கிடையாது. அது போகட்டும். தாஜ்மஹாலில் உறங்கும் மும்தாஜை எடுத்துக்குங்க. பேரரசர் ஷாஜஹானின் மனைவி. 1631-ல் 14-வது பிரசவத்தில் இறந்துபோனார். பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். கஜானா நிறையத் தங்கம் இருந்தும் ரத்தம் ஏற்ற வழியில்லை, தடுப்பூசி இல்லை.

இன்று கூலி வேலைக்குப் போகும் நம் பெண்ணுக்கு 108 வண்டி வருது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பிரசவம் பார்க்கிறாங்க. அதனால, “வீட்டிலேயே பார்த்துக்கலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. மாதாமாதம் பரிசோதனையையும், குழந்தைக்குத் தடுப்பூசியையும் தவற விடாதீங்க. ராணிக்கே கிடைக்காத வசதி நம்ம வாசலுக்கு வந்திருக்கு. வேண்டாம்னு விடலாமா?