கணிப்பொறிக்கும் குடிக்கூலிப் பத்திரம்



மைசூர் ஹெப்பாளில் என்னைப் போல் வந்து குடியேறிய தமிழர்க்குக் குடிக்கூலிப் பத்திரம் புதிதன்று. சுவரில் ஆணி அடிக்கலாமா, உள்வாடகைக்கு விடலாமா என்பனவற்றையெல்லாம் படித்த பின்னரே கையெழுத்திடுகிறோம். ஆனால் கணிப்பொறியை இயக்கும் அடிப்படை நிரல்தொகுதியாகிய இயங்குதளத்தின் உரிமத்தை மட்டும், ஒரு வரியேனும் படியாமல் ஏற்றுக்கொள்கிறோம். நானும் அவ்வாறே செய்தேன்.

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. மொழிபெயர்ப்புப் பணிக்காகப் பல ஆண்டுகள் நான் சேர்த்த கலைச்சொற் பட்டியல்கள் அதில் ஓடிய கணிப்பொறியில்தான் இருந்தன. பொறியில் பழுதில்லை, எனினும் அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. அப்பொழுதுதான் உரிமத்தைப் படித்தேன். பணம் கொடுத்து நான் பெற்றது அந்த ஒரு பொறியில் பயன்படுத்தும் அனுமதியே. மூலநிரலைத் திருத்தவோ, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவோ எனக்கு உரிமையில்லை. அதனை எத்தனை நாள் பேணுவது என்பதை முடிவு செய்பவர் வீட்டுக்காரரே, குடியிருப்பவர் அல்லர்.

லினக்ஸின் நிலை வேறு. பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட இந்நிரல், 1992 முதல் குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. எவரும் அதைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமத்துடன் அளித்தல் வேண்டும். பி.எஸ்.டி. உரிமம் இந்நிபந்தனையை விதிப்பதில்லை. அதன்கீழ்ப் பெற்றதைத் திருத்தி, மூலநிரலை மறைத்தும் விற்கலாம். வீட்டில் பயன்படுத்துவோர்க்கு இவ்வேறுபாடு சிறிது. ஒரு மொழிக்கென இயங்குதளம் அமைப்போர்க்கோ மிகப் பெரிது. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் சீ-டாக் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு உதவும் ‘பாஸ்’ இயங்குதளத்தை அமைத்தது. அதற்கு எவரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையையும் மத்திய அரசு 2015இல் வெளியிட்டது.

எனினும், இலவசம் என்ற ஒன்றையே கருதித் தேர்ந்தெடுத்தல் தகாது. கம்பியில்லா இணைப்பு போன்ற சில உறுப்புகளுக்கான நிரல்களைத் தயாரிப்பாளர்கள் மூடியே வைத்துள்ளனர். அவற்றை டெபியன் தன் நிறுவல் தொகுப்பில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. அதனால் நிறுவும்போதே இணைய இணைப்பின்றி இடர்ப்பட்டோர் பலர். 2022இல் அதன் உறுப்பினர் வாக்களித்து விதியைத் தளர்த்தினர். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவையும் சேர்க்கப்படுகின்றன. தூய உரிமம் வேண்டுமா, உடனடி வசதி வேண்டுமா என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான் டெபியனையே தேர்ந்தேன். பழைய எழுத்துருக்களில் இருந்த பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்ற இரண்டு வார உழைப்பு தேவைப்பட்டது. அந்த இயங்குதளத்தின் படியொன்றை அடுத்த வீட்டுக் கன்னடச் சிறுவனும் கேட்டான், தயக்கமின்றிக் கொடுத்தேன். முன்பு வைத்திருந்ததை அவ்வாறு கொடுத்திருந்தால் அது உரிம மீறலாகியிருக்கும்.