கிராமிய இசையரங்குகளும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

பல்கலைக்கழகத்தில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் சிறியேனை இம்மேடையில் ஏற்றிய மன்றத்தாருக்கு நன்றியுடையேன். யான் சங்கீதத்தை முறையாகப் பயின்றவனல்லன்; கேட்பவன் மாத்திரமே. ஆதலால் கேட்பவர் பக்கத்திலிருந்து சில சொல்ல விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணம் என்னும் பெயர் குறித்து வழங்கும் கர்ணபரம்பரைக் கதையை நாம் எல்லோரும் அறிவோம். கண்ணற்ற பாணன் ஒருவன் யாழ் வாசித்தான். மகிழ்ந்த அரசன் மணற்றிடலைப் பரிசாக அளித்தான் என்பது அக்கதை. அது சரித்திரமோ அன்றோ என்பதை அறிஞர் ஆராய்க. என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அரசன் பாணனைப் புகழ்ந்துவிட்டு அனுப்பவில்லை. குடியிருந்து பிழைக்க நிலம் கொடுத்தான். இசையைப் போற்றுதலாவது, இசைப்பவர் அடுத்த வருஷமும் இசைக்க வழி செய்தலே என்பதை அக்கதையைச் சொன்ன நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

நமது கிராமங்களில் அவ்வழியைச் செய்தவை கோயில்கள். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தாருக்கோ பகுதியாருக்கோ உபயமாக உரியது. தத்தம் நாள் சிறக்கவேண்டுமென்று உபயகாரர் போட்டியிட்டு மேளகாரரை அழைத்தனர். சுவாமி வீதியுலா வரும்போது மேளச்சமா நள்ளிரவு கடந்தும் நிகழும். நுழைவுச்சீட்டும் இல்லை, மண்டபமும் இல்லை. கோயிலின் மணல்வீதியே அரங்கு. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களிலே நாதஸ்வர தவிற் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தமைக்கு இவ்வேற்பாடே பேராதாரமாயிற்று. தமிழகத்து வித்துவான்களும் வியந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி அவர்கள் 1975இல் மறைந்தார். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் அவர்கள் 2003இல் மறைந்தார். இவர்களின் வாசிப்பைக் கேட்ட பெரியோர் இச்சபையிலும் இருத்தல் கூடும். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயான காண்டத்தை ஊரூராக ஆடிப் பாடியதும் இத்தகைய திறந்தவெளி மேடைகளிலேதான். அவர் மறைந்தது 1989இல்.

இவ்வேற்பாடு இரண்டு வகையாற் குலைந்தது. முதலாவது யுத்தம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995இல் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. மக்களில்லாத ஊரில் திருவிழா ஏது? கலைஞர் பலர் கடல் கடந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் கோயில்கள் எழுந்தன. கோபுரங்கள் முன்னிலும் உயர்ந்தன. எனினும் இரண்டாவது குறை இப்போதுதான் தொடங்கியது. உபயகாரர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். பணம் தவறாமல் வருகின்றது, மேளமும் வருகின்றது. உபயகாரர் நேரலையிற் பார்க்கின்றார். வீதியோ வெறுமையாய்க் கிடக்கின்றது. கலைஞருக்குக் கூலி உண்டு, கேட்பார் இல்லை. முன்னாளில் கூலி குறைந்திருந்தும் கேட்பார் நிறைந்திருந்தனர். இவ்விரண்டில் எது கொடிதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறரைக் குற்றஞ் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். சென்ற வருஷம் எங்களூர்த் திருவிழாவிலே, சுவாமி இருப்பிடம் சேர்ந்தபின் நாதஸ்வரக் கச்சேரி வைத்திருந்தார்கள். அயலூரிலே சினிமாப்பாட்டு இசைக்குழு. நானும் நண்பர்களும் சைக்கிளில் ஏறி அங்கே போய்விட்டோம். மறந்துவிட்ட மின்சூளை எடுக்க நான் மாத்திரம் திரும்பி வந்தேன். வீதியிலே பதினொரு பேர் இருந்தனர். அவர்களில் நால்வர் உறங்கிவிட்ட குழந்தைகள். வாசித்துக்கொண்டிருந்த முதியவர் சீவாளியைக் கையிலெடுத்து, என்னைக் கோயில்காரரென்று எண்ணிப்போலும், “தம்பி, இன்னும் வாசிக்கிறதோ, காணுமோ?” என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. “வாசியுங்கோ ஐயா” என்று சொல்லி மணலில் உட்கார்ந்தேன். அவர் எனக்காக ஒரு கீர்த்தனை வாசித்தார். அது என்ன இராகமென்று கூட நான் அறியேன். அன்றுதான் என் அறியாமைக்கு நாணினேன். அந்த நாணமே இன்று என்னைப் பேச வைத்திருக்கின்றது.

ஏன் அறியேன்? யான் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே காலைதோறும் ஆராதனை நடைபெறும். சைவப் பிள்ளைகளாகிய நாமும் பாட்டுப் புத்தகத்தைக் கையிலேந்தி நிற்போம். அப்பாட்டுகளிற் பல எனக்கு இன்றும் மனப்பாடம். ஏனெனில் அங்கே கேட்பவர் என்று தனியாக எவருமில்லர், எல்லோரும் பாடினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கருநாடக இராகங்களில் இயற்றிய கீர்த்தனைகளை நம் நாட்டுக் கிறிஸ்தவ மக்கள் இன்றும் கூடிப் பாடுகின்றனர். அவர் மறைந்தது 1864இல். அவை இத்தனை காலம் வாழ்வதற்குக் காரணம் பெரிய வித்துவான்கள் அல்லர்; வாரந்தோறும் வாய்திறந்து பாடும் சாதாரண சனங்களே. நம் கோயிலிலோ பூசை வேளையில் ஒருவர் தேவாரம் பாட, நாம் கைகட்டி நிற்கின்றோம். பண் அறியாதவன் நாதஸ்வரத்தில் எதைக் கேட்பான்? ஒருமுறை தானே பாடியவன் ஆயுள் முழுதும் கேட்பான் என்பது என் துணிபு.

அன்பர்களே, இனி நாம் செய்யத்தக்கவை எவை? மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, கேட்பவரை உண்டாக்குதல். வெள்ளிதோறும் நமது மன்றத்திலே அரைமணி நேரம் எல்லோரும் கூடிப் பண்ணோடு தேவாரம் பாடுவோம். மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் சங்கீத அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கு இசை பயின்றோர் நம் அயலில் வாழ்கின்றனர். கச்சேரிக்கு முன் கால்மணி நேரம் இராகத்தையும் தாளத்தையும் எளிமையாக விளக்குமாறு அவர்களை வேண்டுவோம்.

இரண்டாவது, இடமும் நேரமும். மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதெனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைத்ததையும் அது சொல்ல மறக்கவில்லை. காண்பார் வசதியை நினைந்தே அரங்கு அமைத்தனர் அன்றோ! நமக்குப் பெரிய மண்டபம் வேண்டாம். சனசமூக நிலையத்து முற்றமும், ஓலைப்பந்தரும், பாயும் போதும். ஐம்பது பேர் கூடும் இடத்துக்கு ஒலிபெருக்கியும் வேண்டாம். மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் அச்சமின்றி வீடு சேர்வர். பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துவோம். பிரமுகர் பின்னே இருக்கட்டும்.

மூன்றாவது, கலைஞரின் சீவனம். ஓர் ஊர் தனித்து ஒருவரைத் தாங்குதல் அரிது. அயலிலுள்ள ஐந்து ஊர் மன்றங்கள் கூடி, திருவிழாக் காலம் நீங்கிய மாதங்களில் மாதம் ஒரு கச்சேரியாகச் சுற்றிவர வைத்தால், பங்குனியில் வாசித்தவருக்கு ஐப்பசியிலும் அழைப்பு இருக்கும். பேசிய பணத்தை அவர் வாத்தியத்தைக் கட்டி எழுமுன் கையிற் கொடுத்துவிடவேண்டும். பொன்னாடை போர்த்திவிட்டுப் பணத்துக்கு “நாளைக்கு வாருங்கோ” என்பது மரியாதையாகாது.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நமது ஆண்டு விழாவுக்கு இசைக்குழுவும் மின்விளக்கு அலங்காரமும் அமர்த்தும் செலவிலே பாதியை இவ்வருஷம் இதற்கு ஒதுக்குவோம். சினிமாப்பாட்டு ஆகாதென்று நான் சொல்லவில்லை. அதை நானும் கேட்பவனே. அதற்கு ஆயிரம் வாயில் உண்டு. நாதஸ்வரத்துக்கு நமது வீதி ஒன்றே வாயில்.

பெரியோர்களே, நீங்கள் கேட்டவற்றை எங்களுக்குச் சொல்லுங்கள். கச்சேரிக்கு வரும்போது ஒரு பேரப்பிள்ளையையும் கையில் பிடித்து வாருங்கள். இளைஞர்களே, நீங்கள் மணலில் வந்து உட்காருங்கள். “இன்னும் வாசிக்கிறதோ, காணுமோ?” என்று அந்த முதியவர் கேட்ட கேள்வி என்னை மாத்திரம் கேட்டதன்று. அடுத்த திருவிழாவில் அவர் மீண்டும் கேட்டால், “காணாது ஐயா, இன்னும் வாசியுங்கோ” என்று வீதி முழுவதும் சொல்லவேண்டும். அதற்கு இறைவன் திருவருள் துணைநிற்பதாக.