கையொப்ப நோட்டு



எழுதுகிறவன் தன் புத்தகத்தைத் தானே எப்படி விற்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து வருஷமாக என்னை அரிக்கிற கேள்வி இது. என் வீட்டுப் பரணில் எட்டுக் கட்டுப் புத்தகம் கிடந்தது. செந்துறை வட்டாரத்துக் கிணறுகளைப் பற்றி மூன்று வருஷம் ஊர் ஊராக அலைந்து எழுதிய புத்தகம். ஆயிரம் பிரதி அடித்தால்தான் அடக்கவிலை குறையும் என்றார்கள், அடித்தேன். வெளியூர் விற்பனையாளர் ஒருவர் முந்நூறு வாங்கிப் போனார். இரண்டு வருஷம் கழித்து நூற்று நாற்பது பிரதி திரும்பி வந்தது, அட்டையெல்லாம் ஈரம் பட்டு உப்பிப்போய். மீதிக்குப் பணம் இன்றுவரை வரவில்லை. அந்தக் கட்டைப் பிரித்த அன்று என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் நகையை அடகு வைத்து அடித்த புத்தகம்.

கணக்கை உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன். விலை 200 ரூபாய். அச்சுக்கூலி, காகிதம், பைண்டிங் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 80 ரூபாய் ஆனது. கடைக்குக் கழிவு நூற்றுக்கு நாற்பது, அது ஒரு 80. மிச்சம் 40. அதில் பார்சல் கூலி, அட்டை வரைந்தவருக்கு, மெய்ப்புப் பார்த்தவருக்கு. எழுதினவனுக்கு என்ன நிற்கும்? கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. வாடகையும் கரண்ட் பில்லும் அவர்தானே கட்டுகிறார். ஆனால் இந்தக் கணக்கில் எனக்குப் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. விற்ற புத்தகத்தை வாங்கியது யார், எந்த ஊர், படித்தாரா, கிணற்றின் பெயர் தப்பாக இருக்கிறது என்று திட்டினாரா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

முந்திரித்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். கொட்டையை வியாபாரியிடம் போட்டால் அது யார் வீட்டுப் பாயசத்தில் விழுந்தது என்று தெரியுமா? காய்கறிக்கு அந்த வழியை மாற்றிப் பார்த்தார்கள். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. கத்தரிக்காய் விளைவித்தவரும் குழம்பு வைக்கிறவரும் நேருக்கு நேர் நின்று பேசினார்கள். புத்தகத்துக்கு அப்படி ஒன்று வேண்டாமா என்று யோசிக்கும்போதுதான், நம் அரியலூர்ப் பக்கத்துத் தெருக்களில் நடந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தார்.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைச் சொல்கிறேன். அவர் தமிழ் படித்த பாதை நம் பாதை. அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் படித்தார். குன்னத்தில் இருந்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கண நூலான காரிகையைப் பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் மாயூரம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எல்லாம். அந்தப் பையன் வளர்ந்து, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியை அவர் கையில் கொடுத்தார். வருஷக்கணக்கில் ஏடு பார்த்துப் பாடம் தெளிந்தாயிற்று. அச்சடிக்கப் பணம்? வாத்தியார் சம்பளத்தில் நடக்கிற காரியமா அது?

அவர் என்ன செய்தார் தெரியுமா? கையொப்பம் வாங்கினார். புத்தகம் வரும் முன்பே, ‘வெளிவந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று தமிழில் பற்றுள்ளவர்களிடம் பெயர் எழுதி வாங்கினார். சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. அன்று தமிழ்ப் பதிப்புலகில் இது வழக்கமாக இருந்த முறைதான். இன்றைய பதிப்பாளர்கள் ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அது இதே முறை. யாரோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. செங்கணத்தில் காரிகை படித்தவர் செய்து காட்டியதை, செங்கணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே நான் மறந்திருக்கிறேன்.

பாரதியாரும் நேராக வாசகனிடம் போக நினைத்தவர்தான். 1920இல் கடையத்தில் இருந்தபோது ‘தமிழ் வளர்ப்புப் பண்ணை’ என்று ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி, நாலு லட்சம் பிரதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டு அச்சிட்ட கடிதம் அனுப்பினார். பணம் சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரே போய்விட்டார். அந்த நம்பிக்கை தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, பின்னாளில் அவர் பாட்டு இல்லாத வீடு ஏது? ஆனாலும் அந்த நாலு லட்சம் என்ற எண் எனக்கு ஒன்றைச் சொல்கிறது. பிரதியை முதலில் எண்ணக் கூடாது. ஆளை எண்ண வேண்டும்.

சி.சு.செல்லப்பாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கியவர். மாடு பிடிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய ‘வாடிவாசல்’ எழுதியவர். தன் பிரசுரப் புத்தகங்களைப் பையில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எண்பதைத் தாண்டிய வயதில், 1997இல், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். 1998இல் காலமானார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. மேடைகளில் இதைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டுகிறோம். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. ஒரு கிழவர் தோளில் அத்தனை கனத்தை ஏற்றிவிட்டு, ஒரு தமிழ்நாடே வேடிக்கை பார்த்திருக்கிறது. அவர் நம்மைத் தேடி வந்திருக்கக் கூடாது, நாம் அவரிடம் போயிருக்க வேண்டும்.

நான் என் முறையை மாற்றியது இந்த ஆலத்தியூரில்தான். பரணில் கிடந்ததில் நல்ல பிரதியாகப் பார்த்து முப்பதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, சிமென்ட் ஆலைப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷிப்ட் விடுகிற நேரம். ஒருவர் வந்தார். புருவத்தில்கூடச் சிமென்ட் படிந்திருந்தது. புத்தகத்தைத் தொடவில்லை, குனிந்து அட்டையை மட்டும் பார்த்தார். “அண்ணே, இது நீங்களே எழுதுனதா?” என்றார். ஆமாம் என்றேன். கடைக்குப் பின்னால் போய்க் கை கழுவி, சட்டையின் உள்பக்கத்தில் துடைத்துவிட்டு வந்து எடுத்தார். ஊர்ப்பெயர் அட்டவணையில் விரலை வைத்து மெதுவாக இறங்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “எங்க தாத்தா வெட்டுன கெணறு” என்றார். இரண்டு பிரதி வாங்கினார், ஒன்று அவர் அக்காவுக்கு. போகும்போது, “அடுத்தது எழுதினா சொல்லுங்க” என்று தன் பெயரையும் விலாசத்தையும் டீக்கடைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டை ஒரு நோட்டில் ஒட்டினேன். அன்று தொடங்கியதுதான் என் கையொப்ப நோட்டு.

தபால் செலவு பெரிய தடையாக இருந்தது. 2024 டிசம்பரில் புத்தகத்துக்கான பழைய தபால் சலுகை நின்றபோது என்னைப் போன்றவர்கள் தவித்தோம். 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. என் புத்தகம் 300 கிராமுக்குள் அடங்குகிறது. உறையும் சேர்த்து 30 ரூபாய் வைத்தாலும், 200 ரூபாயில் எனக்கு 90 நிற்கிறது. அதேபோல, புத்தகத்துக்கு வாங்குகிற ஐ.எஸ்.பி.என். எண்ணும் நம் நாட்டில் இலவசம். அதைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எழுதுகிற தம்பி தங்கைகள் ஏமாற வேண்டாம்.

இதே செந்துறை வட்டத்தில், குழுமூரில், மருத்துவம் படிக்க ஏங்கி உயிர்விட்ட மாணவி அனிதாவின் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்க ஏங்குகிறவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அவர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் புத்தகத்தைக் கொண்டுவைப்பது எழுதுகிறவனின் வேலை. அதை முன்கூட்டிக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. ‘நம்ம ஊர் ஆள்தானே, ஒன்று சும்மா கொடு’ என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஊர் ஆள் என்பதற்காகவே காசு கொடுத்து வாங்குங்கள்.

அடுத்த புத்தகம் முந்திரித்தோப்புகளைப் பற்றியது. எழுதி முடித்துவிட்டேன். முன்பணம் வேண்டாம், புத்தகம் கைக்கு வந்ததும் கொடுத்தால் போதும். நோட்டு அந்த வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். இதுவரை 187 பேர் எழுதியிருக்கிறார்கள். 250 ஆனதும் அச்சகத்துக்குப் போகும். உங்கள் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதிவிட்டுப் போங்கள்.