வளர்ப்பவர் தாய், பாதுகாவலர் தந்தையா?

(குடும்பச் சட்டங்கள் குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மணமுறிவு வழக்குகளில் குழந்தை யாரிடம் வளர்வது என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. குழந்தைக்காக முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது பேசப்படுவதில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 6ஆவது பிரிவில், இயற்கைப் பாதுகாவலர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். வளர்க்கும் உழைப்பு தாய்க்கு. குழந்தையின் சொத்தின் மீதான அதிகாரம் முதலில் தந்தைக்கு!

எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் கணவரும், தாயைப் பாதுகாவலராகக் குறிப்பிட்டு, மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் கோரினர். தந்தையே கையொப்பமிட வேண்டும் என்றது வங்கி. 1999இல் உச்சநீதிமன்றம், தந்தை உயிரோடிருந்தும் பொறுப்பேற்காத நிலையில் தாயே பாதுகாவலர் எனப் பொருள்கொண்டது. இது முன்னேற்றமே. ஆயினும் தந்தை ஒதுங்கிவிட்டார் என்று மெய்ப்பிக்கும் சுமை, கைவிடப்பட்ட பெண்ணின் தலையிலேயே விழுகிறது. கூலி வேலைக்குச் செல்லும் தாய் அதற்காக எத்தனை நாள் ஊதியத்தை இழப்பார்?

இருவருக்கும் சம உரிமை வழங்கச் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. பெண்களின் சமத்துவத்துக்காகவே பொது சிவில் சட்டம் என்று முழங்குவோர், 'அவருக்குப் பின்' என்ற சொற்களை ஏன் நீக்கவில்லை? அதை நீக்கக் கோரும் இயக்கத்தை வலுப்படுத்துவோம்!